பணம் கட்டியும் கார்டு லிமிட் ஏறவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

கிரெடிட் கார்டில் இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று பில் கணக்கு: மாதம் ஒரு முறை ஸ்டேட்மென்ட் போடுவார்கள், கடைசி தேதி கொடுப்பார்கள், அதற்குள் கட்ட வேண்டும். இன்னொன்று லிமிட் கணக்கு, அதாவது இன்னும் எவ்வளவு செலவு செய்யலாம் என்பது: கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் குறையும், பணம் வங்கியின் கார்டு கணக்கில் பதிவான பிறகுதான் ஏறும். பில் கணக்கு மாதத்துக்கு ஒரு தரம் நகர்கிறது, லிமிட் கணக்கு மணிக்கு மணி நகர்கிறது. "கட்டிட்டேன், ஆனா லிமிட் வரலை" என்ற புகாரில் பெரும்பாலும் ஒரு கணக்கின் விடையை இன்னொன்றில் தேடிக்கொண்டிருப்பார்கள். கீழே இருப்பது இந்திய வங்கிகளின் கார்டுகளுக்கானது. எந்த அறிகுறி உங்களுடையதோ அங்கே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள், மற்றவை அதன் மேல்தான் நிற்கின்றன.

எதற்கும் முன்னால்: ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பாருங்கள்

வங்கியின் ஆப்பைத் திறந்து ஐந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த லிமிட், கடைசி பில்லில் இன்னும் கட்டாத பாக்கி, பில் போட்ட பிறகு செய்த செலவு, இன்னும் பதிவாகாமல் 'பெண்டிங்' என்று நிற்பவை, இஎம்ஐயில் இன்னும் பில்லுக்கு வராத அசல். மொத்த லிமிட்டிலிருந்து மற்ற நான்கையும் கழித்தால் வருவதுதான் நீங்கள் செலவு செய்யக்கூடிய தொகை.

ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். லிமிட் 1,00,000 ரூபாய். ஸ்டேட்மென்ட் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி. ஜூன் 12 அன்று வந்த பில் 38,400, கட்ட வேண்டிய கடைசி தேதி ஜூலை 1. ஜூன் 12க்குப் பிறகு மளிகை, மருந்து, ரயில் டிக்கெட் என்று 9,600 ஆகியிருக்கிறது. மே மாதம் வாங்கிய 30,000 ரூபாய் போன் ஆறு மாத இஎம்ஐயில் ஓடுகிறது. முதல் தவணை இந்தப் பில்லிலேயே வந்துவிட்டது, மீதி அசல் 25,154. ஊட்டியில் ஓட்டல் அறைக்கு முன்பணமாக 6,000 ரூபாயை கார்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

1,00,000 − 38,400 − 9,600 − 25,154 − 6,000 = 20,846.

ஜூன் 28 அன்று பில் தொகை 38,400 முழுவதையும் கட்டுகிறீர்கள். பணம் பதிவானதும் லிமிட் 59,246 என்று காட்டும். ஒரு லட்சம் திரும்ப வரும் என்று எதிர்பார்த்தவருக்கு 40,754 ரூபாயைக் காணோம். எங்கும் போகவில்லை: 9,600 அடுத்த பில்லில் வரப்போகிறது, 25,154 இஎம்ஐயில் கட்டுண்டு கிடக்கிறது, 6,000 ஓட்டலுக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

கூட்டிக் கழித்த விடையும் ஆப்பில் காட்டும் எண்ணும் ஒத்துப்போனால் கார்டில் கோளாறு இல்லை. ஒத்துப்போகவில்லை என்றால், எவ்வளவு வித்தியாசம் என்பதைத் துல்லியமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணே பல நேரங்களில் காரணத்தைச் சொல்லிவிடும். வித்தியாசம் சரியாக நீங்கள் கட்டிய தொகை என்றால் பணம் பதிவாகவில்லை. ஏதோ ஒரு கடையில் செய்த செலவுக்குச் சமம் என்றால் அது இரண்டு தடவை பிடிக்கப்பட்டிருக்கிறது. சில நூறு ரூபாய் என்றால் வட்டியோ, கட்டணமோ, அதன் மேல் ஜிஎஸ்டியோ.

அறிகுறி: வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது, கார்டில் வரவில்லை

எந்த வழியாகக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்து எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது மாறும்.

கார்டு கொடுத்த அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்து, அதன் ஆப்பிலிருந்தே கட்டினால் சில நிமிடங்களில் லிமிட் ஏறிவிடும். அவசரமாகக் கார்டு தேவைப்படுகிறது என்றால் இதைவிட நம்பகமான வழி இல்லை.

வேறு வங்கியிலிருந்து நெஃப்ட் மூலம் அனுப்பினால், 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் 24 மணி நேரமும், விடுமுறை நாட்களிலும் அரை மணிக்கு ஒரு தொகுப்பாக ஓடுகிறது. ஞாயிறு இரவு அனுப்பினாலும் பணம் வங்கிக்குப் போய்ச் சேரும். ஆனால் வங்கிக்குப் போய்ச் சேர்வதும் உங்கள் கார்டு கணக்கில் வரவு வைக்கப்படுவதும் ஒன்றல்ல. கார்டு கணக்குகளைப் பல வங்கிகள் தனி மென்பொருளில் வைத்திருக்கின்றன. அங்கே பதிவாக ஒரு வேலைநாள் ஆகலாம்.

யுபிஐ ஆப்களில் 'கிரெடிட் கார்டு பில்' என்ற பகுதி வழியாகக் கட்டுவது பாரத் பில் பேமென்ட் அமைப்பு மூலம் போகிறது. அது இப்போது பாரத் கனெக்ட் என்ற பெயரில் இருக்கிறது. வெளி ஆப்கள் வழியாகக் கட்டும் கார்டு பில்கள் இந்த வழியில்தான் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஜூன் 30ஐக் கெடுவாக வைத்திருந்தது. திரையில் 'வெற்றி' என்று உடனே வரும். கார்டில் அன்றே வரலாம், இரண்டு மூன்று நாள் ஆகவும் செய்யலாம். ஆகவே ஆப்பில் பச்சை டிக் விழுந்ததை வைத்து லிமிட் வந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். வங்கி அனுப்பும் 'உங்கள் கார்டுக்குப் பணம் பெறப்பட்டது' என்ற எஸ்எம்எஸ்தான் அத்தாட்சி.

காசோலை போட்டால் பணமாகி வந்த பிறகே லிமிட். டியூ தேதிக்கு (கட்ட வேண்டிய கடைசி தேதிக்கு) முதல் நாள் பெட்டியில் போடும் காசோலையை நம்பக் கூடாது.

இனி என்ன செய்வது: முதலில் பரிவர்த்தனை எண்ணை எடுத்து வையுங்கள். நெஃப்ட் என்றால் 16 எழுத்து-இலக்கங்கள் கொண்ட யுடிஆர் எண், யுபிஐ அல்லது ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்க எண். அடுத்து, நெஃப்ட்டில் அனுப்பியிருந்தால் பெறுபவர் கணக்கு எண்ணாக நீங்கள் போட்ட 16 இலக்கக் கார்டு எண்ணை ஒவ்வொரு நான்காகப் பிரித்து வாசித்துப் பாருங்கள். அதோடு ஐஎஃப்எஸ்சி குறியீடு கார்டு பிரிவுக்கு உரியதுதானா என்றும் பாருங்கள். வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி வேறு, கார்டு பணம் பெறுவதற்கென்று அவர்கள் அறிவித்திருக்கும் ஐஎஃப்எஸ்சி வேறாக இருக்கலாம். எண் தப்பாக இருந்து அப்படி ஒரு கார்டு இல்லை என்றால் பணம் தானாகத் திரும்பி வரும். அப்படி ஒரு கார்டு இருந்துவிட்டால் அடுத்தவர் பில் கட்டப்பட்டிருக்கும், அதை மீட்க அனுப்பிய வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். தொலைந்த கார்டுக்குப் பதில் புதுக் கார்டு வாங்கியவர்கள் நெட்பேங்கிங்கில் சேமித்து வைத்த பழைய எண்ணுக்கே அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்குப் பல வங்கிகள் மாற்றிவிடும், ஆனால் அதற்கும் நாள் பிடிக்கும்.

யுபிஐயில் பணம் கழிந்து, கட்டணம் தோல்வி என்று காட்டினால் அவசரப்பட்டு உடனே இரண்டாம் தடவை கட்ட வேண்டாம், டியூ தேதி அன்று மாலை என்றால் ஒழிய. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கடைக்காரருக்குப் போகும் யுபிஐ கட்டணத்தில் உறுதி கிடைக்காமல் போனால் 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இழப்பீட்டை நீங்கள் கேட்காமலேயே வங்கி தர வேண்டும்.

அறிகுறி: ஸ்டேட்மென்டுக்கு முன்பே கட்டினேன், இருந்தும் மினிமம் (குறைந்தபட்சத் தொகை) கட்டச் சொல்கிறார்கள்

இதில் மாட்டிக்கொள்பவர்கள் பொறுப்பாகக் கட்டுபவர்கள்தான், அதனால் கோபமும் அதிகம் வரும். ஜூன் 11 அன்று 10,000 ரூபாய் கட்டுகிறீர்கள். ஜூன் 12 அன்று பில் வருகிறது. உங்கள் 10,000 பில்லுக்கு முன்னால் வந்ததால் அது பில் தொகையைக் குறைத்துவிடும். 48,400 வர வேண்டியது 38,400 ஆகிறது. ஆனால் அந்த 38,400க்கு இன்னும் ஒரு ரூபாயும் கட்டவில்லை என்பதே கணக்கு. ஜூன் 13 முதல் ஜூலை 1 வரை வரும் பணம் மட்டுமே இந்தப் பில்லுக்கான கட்டணம். 10,000 கட்டியாயிற்றே என்று விட்டுவிட்டால் மினிமம் கூடக் கட்டாதவர் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள்.

எல்லைத் தேதியில் கட்டினால் இன்னும் குழப்பம். ஜூன் 12 இரவு 11 மணிக்கு அனுப்பிய பணம் எந்தப் பக்கம் விழும் என்பது வங்கி அதை எந்தத் தேதியில் பதிகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்டேட்மென்ட் நாளிலும் அதற்கு முதல் நாளிலும் கட்டாமல் இருப்பது நல்லது. கட்டியே ஆக வேண்டும் என்றால், மறுநாள் பில்லைத் திறந்து 'பெறப்பட்ட கட்டணங்கள்' பகுதியில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய கணக்கில் போய்விட்டது, பில்லில் உள்ள தொகையைத் தனியே கட்ட வேண்டும்.

செலவுக்கும் இதே விதி. ஜூன் 11 மாலை கடையில் தேய்த்தது ஜூன் 13 அன்று பதிவானால் அடுத்த மாதப் பில்லில்தான் வரும். லிமிட் மட்டும் ஜூன் 11 மாலையே குறைந்துவிடும். 'பில்லில் இல்லாத செலவு லிமிட்டைப் பிடித்திருக்கிறது' என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அறிகுறி: இஎம்ஐ கட்டியும் கட்டிய அளவுக்கு லிமிட் ஏறவில்லை

மேலே பார்த்த 30,000 ரூபாய் போன். வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம், ஆறு தவணை. தவணைத் தொகை 5,221 ரூபாய். முதல் தவணையில் வட்டி 375, அசல் 4,846. வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 67 ரூபாய் 50 காசு. ஆக பில்லில் வருவது 5,288.50. கட்டியதும் லிமிட் அவ்வளவும் ஏறும்தான். ஆனால் பில் போட்ட அன்றே வட்டியும் ஜிஎஸ்டியுமாக 442.50 ஏற்கனவே லிமிட்டிலிருந்து கழிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையில் விடுபடுவது 4,846 மட்டும்.

இன்னொன்று: தவணை பில்லுக்கு வரும் நாளில் லிமிட் ஏறாது. இஎம்ஐ பாக்கியில் இருந்த அசல் பில் பாக்கிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. நீங்கள் கட்டிய பிறகுதான் விடுபடும். 'வட்டியில்லா இஎம்ஐ' என்று விற்கப்படுபவையும் லிமிட்டை முழுத் தொகைக்குக் கட்டிவைக்கும். அவற்றில் வட்டிக்குச் சமமான தள்ளுபடியைக் கடைக்காரரோ தயாரிப்பாளரோ முன்கூட்டியே கழித்துக் கொடுக்கிறார்கள், ஆனாலும் மாதாமாதம் வட்டியின் மேல் ஜிஎஸ்டி பில்லில் வரும்.

லிமிட் அவசரமாக வேண்டும் என்று பில் தொகைக்கு மேல் பணம் கட்டினால் இஎம்ஐ அசல் தானாகக் குறையாது. அந்தக் கூடுதல் பணம் கார்டில் வரவாக நிற்கும், இஎம்ஐ தன் போக்கில் ஓடும். அசலைக் குறைக்க வேண்டும் என்றால் இஎம்ஐயை முன்கூட்டி முடிக்கச் சொல்லி வங்கியிடம் தனியாகக் கேட்க வேண்டும். அதற்குக் கட்டணம் இருக்கும், கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

அறிகுறி: லிமிட் ஏறியது, இரண்டே நாளில் மறுபடி இறங்கிவிட்டது

ஆட்டோபே, அதாவது டியூ தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து பில் தொகையைத் தானாக எடுக்கும் ஏற்பாடு, வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வேறு வங்கிக் கணக்கிலிருந்து ஆட்டோபே ஓடினால், டியூ தேதியில் பணம் கேட்டு அனுப்பி, சில வங்கிகள் அன்றே தற்காலிகமாக லிமிட்டை ஏற்றிவிடும். கணக்கில் போதிய இருப்பு இல்லை என்று திரும்பினால் ஏற்றியது இறங்கும். அதன்பின் கார்டு வங்கி ஒரு கட்டணம், சேமிப்புக் கணக்கு வங்கி இன்னொரு கட்டணம் என இரட்டை அடி. டியூ தேதிக்கு முதல் நாள் இரவே அந்தக் கணக்கில் முழுத் தொகை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அன்று காலையில் சம்பளம் வரும் என்று இருப்பது போதாது, பணம் எடுக்கும் கோரிக்கை காலையிலேயே வந்துவிடலாம்.

ஆட்டோபே வைத்துக்கொண்டே கையாலும் கட்டுபவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். டியூ தேதிக்கு ஒரு நாள் முன்னால் கட்டினால் ஆட்டோபே கோரிக்கை அதற்குள் கிளம்பியிருக்கும், பணம் இரண்டு தடவை போகும். கையால் கட்டுவதென்றால் குறைந்தது நான்கைந்து நாள் முன்னதாகக் கட்டுங்கள். அப்போதும் ஆட்டோபே மீதியை மட்டும் எடுக்குமா, பில் தொகையை அப்படியே எடுக்குமா என்பது வங்கிக்கு வங்கி வேறு. புதிதாக ஆட்டோபே பதிந்தவர்கள் முதல் பில்லைக் கையாலேயே கட்டிவிடுங்கள், பதிவு நடைமுறைக்கு வர நாள் ஆகும். அதில் 'மொத்தத் தொகை' தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா, 'மினிமம்' தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆட்டோபே இல்லை, காசோலையும் இல்லை என்றால், வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கியது எதுவும் இருக்கிறதா? வாங்கும்போது ஒரு மாற்று விகிதத்தில் பிடித்த தொகை, பதிவாகும்போது வேறு விகிதத்திலும் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தோடும் வரும். சில நூறு ரூபாய் இறங்கியதற்கு இது போதுமான காரணம்.

அறிகுறி: ரத்து செய்த அறை, திருப்பிக் கொடுத்த பொருள், லிமிட் மட்டும் வரவில்லை

இரண்டும் வேறு வேறு.

ஓட்டல், வாடகைக் கார் போன்ற இடங்களில் முன்கூட்டிப் பிடித்து வைப்பது செலவு அல்ல, வெறும் பூட்டு. அது பில்லில் வராது, லிமிட்டை மட்டும் குறைக்கும். பணம் கட்டியும் இதைத் திறக்க முடியாது. ஓட்டல்காரர் விடுவிக்க வேண்டும், அல்லது காலாவதியாக வேண்டும். காலாவதிக்கு ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை ஆகலாம். அறையைக் காலி செய்யும்போது பிடித்த பணத்தைக் கழித்துக்கொள்ளாமல் மொத்தப் பில்லையும் புதிதாகத் தேய்த்துவிடுவது பல ஓட்டல்களில் நடக்கிறது. அப்போது 6,000 பூட்டும் இருக்கும், முழுப் பில்லும் இருக்கும். வரவேற்பு மேசையிலேயே, 'முதலில் பிடித்ததை ரத்து செய்துவிட்டுத் தேயுங்கள்' என்று கேளுங்கள். தவறவிட்டால், முதலில் பிடித்தபோது வந்த ஆறு இலக்க ஒப்புதல் எண்ணைச் சொல்லி அதை ரத்து செய்ததாக ஓட்டலிடம் ஒரு மின்னஞ்சல் வாங்கி வங்கிக்கு அனுப்பினால் சீக்கிரம் விடுவிப்பார்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுத்து வரும் ரீஃபண்ட் வேறு. அந்தச் செலவுக்கு நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை, டியூ தேதியும் வரவில்லை என்றால், வந்த ரீஃபண்டை உடனே கட்ட வேண்டிய தொகையில் கழித்து உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கார்டு விதி. நடைமுறையில், லிமிட் ஏறிய பிறகும் ஆப்பில் கட்ட வேண்டிய தொகை பழையபடியே நிற்பதைப் பார்க்கலாம். டியூ தேதிக்கு மூன்று நாள் முன்புவரை அது குறையவில்லை என்றால் பில்லில் உள்ள தொகையை முழுதாகக் கட்டிவிட்டுப் பிறகு வாதாடுங்கள். கட்டிய கூடுதல் பணம் கார்டில் வரவாக இருக்கும், தொலைந்து போகாது. கட்டாமல் விட்டால் வட்டி ஓடத் தொடங்கும், அதைத் திரும்ப வாங்குவது கடினம்.

ஏற்கனவே கட்டி முடித்த செலவுக்கு ரீஃபண்ட் வந்தால், அது கார்டு லிமிட்டின் 1 சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத் தாண்டினால், கார்டில் சரிக்கட்ட வங்கி உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். ஒரு லட்சம் லிமிட் என்றால் வரம்பு 1,000 ரூபாய்தான். ஏழு நாட்களுக்குள் எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ கேட்பார்கள், பதில் சொல்லாவிட்டால் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். 'நேற்று 7,500 வரவு காட்டியது, இன்று காணவில்லை' என்பவர்கள் சேமிப்புக் கணக்கைத் திறந்து பாருங்கள். நீங்களே கேட்டால் எந்த வரவையும் மூன்று வேலைநாளில் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

அறிகுறி: முழுசாகக் கட்டியும் அடுத்த பில்லில் வட்டி வந்து லிமிட்டைத் தின்கிறது

போன மாதம் மீதி வைத்தீர்களா? அப்படியானால் இது அந்த வட்டியின் வால். 12ஆம் தேதி பில்லில் 20,000 பாக்கி இருக்கிறது, 30ஆம் தேதி முழுதாகக் கட்டுகிறீர்கள் என்றால் இடைப்பட்ட 18 நாளுக்கு வட்டி உண்டு. மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்றால் சுமார் 414 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 75. இது அடுத்த பில்லில்தான் தெரியும். அதோடு, மீதி வைத்தாலே வட்டியில்லாக் காலம் போய்விடும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்கு எப்போதுமே அப்படித்தான். ஆகவே மீதி வைத்த மாதத்தில் டியூ தேதிக்குக் காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை. கையில் பணம் வந்த அன்றே கட்டுங்கள், மீதி தீரும்வரை அந்தக் கார்டில் புதுச் செலவு வேண்டாம்.

அறிகுறி: லிமிட் இருக்கிறது, கார்டு ஓடவில்லை

இது பணம் கட்டிய நேரத்தோடு சம்பந்தம் இல்லாதது, ஆனாலும் அதையே சந்தேகிப்பார்கள். ஆப்பில் ஆன்லைன், வெளிநாடு, தொடாமல் கட்டும் வசதி ஆகியவற்றின் சுவிட்சுகளையும், தினசரி வரம்பையும் பாருங்கள். ஏடிஎம்மில் மறுக்கப்பட்டால் ரொக்க லிமிட் தனி, அது மொத்த லிமிட்டில் ஒரு பகுதிதான்.

ஒரே வங்கியில் இரண்டு கார்டு இருந்து லிமிட் பொதுவாக இருந்தால் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் கார்டுக்குக் கட்டினால் பொது லிமிட் ஏறும், இரண்டிலும் செலவு செய்யலாம். ஆனால் இரண்டாவது கார்டின் பில் அப்படியே நிற்கும். லிமிட் ஏறியதை வைத்து இரண்டும் கட்டியாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பத்தாருக்கு வாங்கிய துணைக் கார்டு செய்யும் செலவும் உங்கள் லிமிட்டில்தான் குறையும்.

அறிகுறி: லிமிட்டுக்கு மேல் ஒரு பொருள் வாங்க முன்பணம் கட்டினேன், எடுபடவில்லை

1,30,000 ரூபாய் ஃபிரிட்ஜ், லிமிட் ஒரு லட்சம், கூடுதலாக 40,000 கட்டி வைத்தால் வாங்கிவிடலாம் என்று கணக்கு. சில வங்கிகளில் நடக்கும், பலவற்றில் நடக்காது. பாரத் கனெக்ட் வழியாகப் பில் தொகைக்கு மேல் கட்டவே விடமாட்டார்கள் சில வங்கிகள். கடையில் பில்லைப் பிரித்து 30,000ஐ யுபிஐயிலும் மீதியை கார்டிலும் கட்டுவது எளிது. லிமிட்டைத் தாண்டிச் செலவு செய்ய உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அனுமதித்துக் கட்டணம் போடக் கூடாது என்பதும் விதி. அப்படிக் கட்டணம் வந்திருந்தால் திரும்பக் கேளுங்கள். மாதத்தில் பல தடவை லிமிட்டைத் தீர்த்துத் தீர்த்துக் கட்டினால் வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறீர்களா என்று வங்கி கேட்கும், கார்டை நிறுத்தியும் வைக்கலாம்.

அறிகுறி: ஒரு நாளும் தவறவில்லை, கிரெடிட் ஸ்கோர் மட்டும் இறங்குகிறது

ஸ்கோர் போடும் நிறுவனங்களுக்கு நீங்கள் கட்டிய தேதி மட்டும் போவதில்லை, குறிப்பிட்ட நாளில் எவ்வளவு பாக்கி என்பதும் போகிறது. 2025 ஜனவரி 1 முதல் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு முறை நிலவரம் போக வேண்டும் என்று ஆனது. நம் கார்டில் 12ஆம் தேதி 72,000 பில் வந்து, நீங்கள் ஜூலை 1 அன்று கட்டினால், இடையில் போகும் நிலவரங்களில் எல்லாம் லிமிட்டில் 72 சதவீதம் பயன்படுத்தியவராகத் தெரிவீர்கள். அதையே ஜூன் 10க்குள் 50,000 கட்டியிருந்தால் 22 சதவீதம். வீட்டுக்கடன் விண்ணப்பிக்கப் போகிற இரண்டு மூன்று மாதமாவது இப்படி முன்கூட்டிக் கட்டுவது பயன் தரும். 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மற்ற நேரத்தில் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை, பயன்பாடு குறைந்த அடுத்த நிலவரத்தில் ஸ்கோர் திரும்பிவிடும்.

அறிகுறி: ஒரு நாள் தாமதம், என்ன ஆகும்?

டியூ தேதியிலிருந்து மூன்று நாளுக்கு மேல் ஆன பிறகே தாமதக் கட்டணம் போடலாம், ஸ்கோர் நிறுவனங்களுக்குத் தவணை தவறியதாகத் தெரிவிக்கலாம். ஆனால் வட்டிக்கு இந்த மூன்று நாள் சலுகை கிடையாது. தாமதக் கட்டணமும் கட்டாத மீதித் தொகையின் மேல்தான், மொத்தப் பில்லின் மேல் அல்ல. ஜூலை 1 டியூவுக்கு ஜூலை 2 அன்று கட்டி, ஜூலை 3 அன்று பதிவாகியும் தாமதக் கட்டணம் வந்திருந்தால் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

புகார் எழுதும்போது

கஸ்டமர் கேரில் பேசியது மட்டும் போதாது, வங்கியின் ஆப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி, புகார் எண் வாங்குங்கள். இவ்வளவு போதும்: 'கடைசி நான்கு இலக்கம் இது கொண்ட கார்டுக்கு, ஜூன் 28 காலை 10.40 மணிக்கு, இந்த யுடிஆர் எண்ணில் 38,400 ரூபாய் நெஃப்ட் மூலம் அனுப்பினேன். பணம் எனக்குத் திரும்பி வரவில்லை. கார்டில் வரவும் ஆகவில்லை. டியூ தேதி ஜூலை 1. அனுப்பிய தேதியிலேயே வரவு வைத்து, இடையில் விழுந்த வட்டியையும் கட்டணத்தையும் நீக்கவும்.' சேமிப்புக் கணக்கில் பணம் கழிந்த வரியின் படத்தை இணையுங்கள், முழுக் கார்டு எண்ணையோ ஓடிபியையோ எங்கும் எழுத வேண்டாம்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம், விவரம் கேட்க 14448. அங்கே முதலில் கேட்பது வங்கியில் வாங்கிய புகார் எண்ணும் தேதியும்தான்.